வலி வரும்போதெல்லாம் கடன் வாங்கும் பழக்கம்

கேள்வி: எனக்கு 39 வயது. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலையில் மேற்பார்வையாளர். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளாக புரோஸ்டேட் சுரப்பியில் அழற்சி. அடிவயிற்று வலியும் எரிச்சலும் சில வாரம் அடங்கி, மீண்டும் வருகின்றன. அக்காவின் கணவர் விளம்பரம் பார்த்துச் சொன்ன சிகிச்சை மையத்தில், வலி தாங்காதபோதெல்லாம் கார்டைத் தேய்த்து, இரண்டு முறை ‘பேக்கேஜ்’ எடுத்தேன். கிரெடிட் கார்டு பாக்கி இப்போது 1,40,000. மாதம் 7,000 கட்டுகிறேன். அடுத்து அதிர்வலைச் சிகிச்சைக்கு 1,20,000 கேட்கிறார்கள். 10,000 முன்பணம் கட்டிவிட்டேன். மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்துச் சமாளிக்கலாமா? மகள் படிப்புக்கு என் பெயரிலும் மனைவி பெயரிலுமாக 1,50,000 வைப்புத்தொகை இருக்கிறது. அதைத் தொட மனமில்லை. கடன் விஷயம் மனைவிக்குத் தெரியாது.

பதில்: கடன் வாங்காதீர்கள். காப்பீடும் இதற்கு உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் சிகிச்சையோ வெளிநோயாளியாகவே நடப்பது, பெரும்பாலான பாலிசிகள் அதற்குப் பணம் தருவதில்லை. நோயை மறைத்துப் பாலிசி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். குடும்பத்துக்கு ஒரு பாலிசி வேண்டும்தான். அதை எல்லாவற்றையும் சொல்லி, தனியாக எடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் கார்டைத் தேய்த்திருக்கிறீர்கள். இந்த நோய் ஏறி இறங்கும் குணம் கொண்டது. உச்சத்தில் பணம் கட்டினால், எப்படியும் இறங்கவேண்டிய வலி இறங்கும். பெயர் பேக்கேஜுக்குப் போகும். மீண்டும் ஏறும்போது அடுத்த பேக்கேஜ் தயாராக இருக்கும். மையத்தின் வியாபாரம் இதில்தான் நடக்கிறது.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் செலவைக் கணக்கிட இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும்: நாள்பட்ட வகையில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில்) கிருமி இல்லை என்று வந்த பிறகும் ஆன்டிபயாடிக்கைத் திரும்பத் திரும்ப வாங்குவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. யூராலஜி (சிறுநீர்ப் பாதை) மருத்துவர்கள் பெரும்பாலும் தருவது சிறுநீர் தடையின்றிப் போக உதவும் டாம்சுலோசின் போன்ற மாத்திரை, வலிக்கு மருந்து, இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி. இவற்றில் எதுவும் லட்சத்தில் பேசும் சமாச்சாரம் அல்ல. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே யூராலஜி பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போனாலும், ஜெனரிக் மாத்திரை வாங்கி வாரம் ஒருமுறை பிசியோதெரபி சென்றால் மாதம் 3,000 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள். அதிர்வலைச் சிகிச்சை முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். சில ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. அதற்காக மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே, அதுவும் வட்டிக்கு வாங்கி, ஏன் கட்ட வேண்டும்? புரோஸ்டேட் கோளாறுகளைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது என்பதை அக்காவின் கணவருக்கும் சொல்லுங்கள்.

இப்போது கார்டு. மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 1,40,000க்கு வட்டி 4,900. அதன் மேல் ஜிஎஸ்டி 882. நீங்கள் கட்டும் 7,000த்தில் அசலுக்குப் போவது 1,218 ரூபாய். அதே கார்டில் ஒரு ஸ்கேன் எடுத்தால் அதுவும் காலி. மறுபுறம் உங்கள் வைப்புத்தொகை, 7 சதவீதம் என்றால், மாதம் 875 ரூபாய் சம்பாதிக்கிறது. வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்த 5,782இல் இதைக் கழித்தால், மகள் பணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மாதம் ஏறக்குறைய 4,900 ரூபாய் இழக்கிறீர்கள். இதன் மேல் 1,10,000 தனிநபர் கடன் வாங்கினால், 16 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு மாதம் 3,870 கட்ட வேண்டும்.

வைப்புத்தொகையை உடைத்துக் கார்டு பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். அபராதமாக வட்டியில் கொஞ்சம் போகும், போகட்டும். படிவத்தில் மனைவியின் கையெழுத்தும் தேவைப்படலாம். வைப்புத்தொகையைத் தொட மனமில்லாததற்கு மகள் படிப்பு மட்டுமா காரணம் என்று எனக்குச் சந்தேகம். வங்கிக்குப் போவதற்கு முதல் நாளே மனைவியிடம் நோயையும் கடனையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிறகு மிஞ்சும் 7,000த்தில் 3,000 சிகிச்சைக்கு, 4,000 மகள் பெயரில் தொடர் வைப்புக்கு. மூன்று ஆண்டுக்குள் எடுத்த தொகை திரும்பிவிடும்.

ஒரு நோட்டு போடுங்கள். இந்த நோயின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் ஒன்பது கேள்விகள் கொண்ட பட்டியலை வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் 0 முதல் 43 வரை. மாதாமாதம் ஒரே தேதியில் உங்கள் மதிப்பெண்ணை எழுதி, பக்கத்தில் அந்த மாதச் செலவையும் எழுதுங்கள். ஆறு புள்ளியாவது இறங்கினால்தான் பலன் என்று கணக்கு. வலி ஏறிய வாரத்தில் எந்தப் புதிய சிகிச்சைக்கும் பணம் கட்டாதீர்கள். காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைத்துக்கொள்வது என்றால் மட்டும் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

முன்பணம் 10,000ஐ எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். ரசீது நகலை இணையுங்கள். மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அங்கேயும் கிடைக்காவிட்டால், நட்டம் 10,000தோடு முடிந்தது.