கையின் உப்பல் சொல்லும் வருடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில், நியூ இங்கிலாந்துப் பக்கம், பழைய வீடொன்றின் சாமான்களை விற்றபோது ஓர் எண்ணெய் ஓவியம் வாங்கினேன். கறுப்பு கவுனில் இருபது வயதுப் பெண். தோளிலிருந்தே உப்பிய சட்டைக் கை, உச்சிக் கொண்டை, பெரிய ஆமையோட்டுச் சீப்பு, அகல லேஸ் காலர். கையெழுத்து இல்லை. பின்னால் பென்சிலில் ‘1812’ என்றிருக்கிறது. அதுதான் வரைந்த வருடமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. 1812இல் இடுப்புத் தையல் மார்புக்குச் சற்றே கீழே இருக்கும், பாவாடை ஒடுங்கி நேராக விழும். உங்கள் படத்துப் பெண் ஏறக்குறைய இருபது வருடம் பிந்தியவள்.

முதலில் கையைப் பாருங்கள். உப்பல் எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். 1830 முதல் 1835 வரை தோளில்தான் முழு உப்பலும். முழங்கைக்குக் கீழே கை ஒடுங்கிவிடும். 1836 வாக்கில் தோள் பக்கம் கொசுவம் வைத்து அமுக்கப்பட்டு, உப்பல் முழங்கைக்கு இறங்கியது. 1840களில் கை முழுக்கவே இறுக்கம், மேற்சட்டையின் முன்பக்கம் கூராகக் கீழிறங்கும். கறுப்புத் துணியில் கொசுவம் கண்ணுக்குப் படாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துத் தோள்பட்டைத் தையலைப் பாருங்கள்.

தலைமுடியும் இதையே சொல்கிறது. உச்சிக் கொண்டையும் நெற்றியோரச் சுருள்களும் 1830களின் முற்பாதிக்குரியவை. பிறகு கொண்டை பின்தலைக்கு இறங்கிற்று; நடுவகிடு எடுத்த முடி காதுமேல் வழவழவென்று படிந்தது.

பலரும் தவறுவது இங்கேதான்: படத்தில் இருப்பவற்றில் மிகப் பிந்திய அம்சமே தேதியைத் தீர்மானிக்கும், பழைய அம்சம் அல்ல. வயதான பெண்கள் இளமைக்கால மோஸ்தரை விடாமல் அணிந்தார்கள். ஓவியரும் ஏமாற்றுவார்: அக்கால அமெரிக்க உருவப்பட ஓவியர் அம்மி பிலிப்ஸ் ஒரே மாதிரிச் சிவப்பு உடையில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை வரைந்திருக்கிறார். இளம்பெண்ணின் கையும் கொண்டையும் ஒரே காலத்தைக் காட்டினால் துணிந்து நம்பலாம்.

ஆனால் அவை முதலில் வரைந்தவைதானா? முகத்து வெடிப்புகள் முடிக்குள்ளும் காலருக்குள்ளும் தடையின்றி ஓடுகின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். ஓரிடத்தில் வெடிப்புக்குள் வண்ணம் இறங்கி நிரம்பியிருந்தால் அது பிற்காலப் பூச்சு. இருட்டில் புற ஊதா விளக்கடித்தால் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும். அதன்மேல் செய்த திருத்தம் கருந்திட்டாகத் தெரியும்.

இந்தச் சோதனைகளில் தேறினால் ‘1830–36 வாக்கில்’ என்று குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் எழுத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். 1812இல் பிறந்தவளுக்கு 1833இல் 21 வயது. குடும்பத்தார் யாரோ அவளுடைய பிறந்த வருடத்தை எழுதிவைத்திருக்கலாம். விற்றவர்களிடம் குடும்பப் பெயரைக் கேட்டு, அந்த ஊர்ப் பிறப்புப் பதிவேடுகளில் அந்த வருடத்தைத் தேடிப் பாருங்கள்.