ஐந்து கால் காளையும் இரண்டு இடது பாதங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி ஓவிய வகுப்புக்காக எகிப்திய, மெசபடோமியக் கலைப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எகிப்திய உருவங்களுக்கு முகம் பக்கவாட்டில், கண்ணும் தோளும் நேராக. இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலே முன்னால் தெரிகிறது. அசீரியக் காளைக்கோ ஐந்து கால்! இவையெல்லாம் கைப்பிழைகளா? எகிப்தியக் கலை ஒரு படி மேல் என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

வெ.

அன்புள்ள வெ.,

பிழை இல்லை. இரண்டுமே கணக்குப் போட்டுச் செய்தவை. யார் பார்ப்பதற்காக என்பதில்தான் கணக்கு மாறுகிறது.

எகிப்தியக் கல்லறையில் சுவரைப் பூசிச் சமன்செய்ததும், செங்காவியில் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கட்டம் போடுவார்கள், நம் தச்சர் நூல் அடிப்பதுபோல. நிற்கும் ஆணுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி முடிக்கோடு வரை 18 கட்டம். முழங்கால் 6இல், பிட்டத்தின் அடிவிளிம்பு 9இல், கழுத்து தோளில் சேரும் இடம் 16இல். உட்கார்ந்த உருவத்துக்கு 14. சிவப்பில் முதல் கோடு, மூத்தவர் வந்து கறுப்பில் திருத்துவார், பிறகுதான் உளி. அரசர்களின் பள்ளத்தாக்கில் எகிப்திய மன்னன் ஹோரெம்ஹெப்பின் கல்லறை பாதியில் நின்றுபோனதால் சிவப்பு, கறுப்பு, அரைகுறைச் செதுக்கல் என்று இந்தப் படிகள் எல்லாம் சுவரிலேயே தங்கிவிட்டன. பத்துப் பேர் கை மாறினாலும் உருவம் குலையாது, அதுதான் கட்டத்தின் வேலை.

அந்த உருவம் பார்வையாளருக்காக வரைந்ததும் அல்ல. மூடிய கல்லறைக்குள் இறந்தவருக்கு மாற்று உடலாக இருக்கப்போவது. அதனால் ஒவ்வொரு உறுப்பும் எந்தக் கோணத்தில் முழுமையாகத் தெரியுமோ அந்தக் கோணத்தில் வந்தது. பாதத்துக்கு உள்பக்கம்: கட்டைவிரலும் வளைவும் அங்கேதான் தெளிவு. இரண்டு பாதமும் அப்படியே வந்ததால் வலப்பக்கம் பார்க்கும் மனிதருக்கு இரண்டும் இடது பாதமாகிவிட்டன. 18ஆம் வம்சத்தில் (கி.மு. 1550 வாக்கில் தொடங்கிய எகிப்திய அரச மரபு) சிலர் அருகிலிருக்கும் பாதத்துக்கு மட்டும் ஐந்து விரலையும் வரையத் தொடங்கினார்கள்.

காளையின் கதை நேர் எதிர். இன்றைய ஈராக்கின் கோர்சாபாத்தில், அசீரிய அரசன் இரண்டாம் சார்கோனின் (கி.மு. 721–705) அரண்மனை வாயிலில் நின்ற லமாசு, அதாவது மனிதத் தலையும் சிறகும் கொண்ட காவல் காளை, 4 மீட்டருக்கு மேல் உயரம். வாயிலை நோக்கி வருபவருக்கு முன்னங்கால் இரண்டும் ஊன்றி நிற்கும். உள்ளே நடந்து கடப்பவருக்குப் பக்கவாட்டில் நான்கு கால்கள் நடக்கும். இரண்டு பார்வைக்கும் கால் சரியாக அமைய, மூலையில் ஐந்தாவது வேண்டியிருந்தது. குறுக்காக நின்று படம் எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். நம் புத்தகங்களில் வருவதெல்லாம் அந்தக் கோணம்தான்! அடுத்து வந்த அரசன் செனகெரிப் ஐந்தாம் காலைக் கைவிட்டான்.

ஒரு படி மேல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நைலின் இரு கரையிலும் சுண்ணாம்புக்கல், தெற்கே அஸ்வானில் கிரானைட். தெற்கு மெசபடோமியாவில் வண்டல் மண்தான். அங்கிருந்த லகாஷ் நகரத்தின் ஆட்சியாளன் குடேயா (கி.மு. 2100 வாக்கில்) தன் சிலைகளுக்கான டயோரைட் என்ற கடினக் கல்லை மகான் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய ஓமான் பக்கத்திலிருந்து, கொண்டுவந்ததைக் கல்வெட்டிலேயே சொல்லிக்கொள்கிறான். கல் அங்கே அவ்வளவு அரிது. ஈராக்கின் டெல் அஸ்மாரில் கிடைத்த, வழிபடுவோரைக் காட்டும் 12 சுமேரியச் சிலைகளில் பெரியது 72 செ.மீ.தான், பெரும்பாலும் மென்மையான ஜிப்சம். கண்ணுக்குச் சிப்பியைப் பதித்து நிலக்கீலால் ஒட்டினார்கள். அப்படி ஒட்டிய கண் உதிர்ந்தால் குழிதான் மிஞ்சும். அருங்காட்சியகங்களில் குழிக்கண்ணோடு நிற்கும் சுமேரியச் சிலைகளைப் பார்த்து அது பாணி என்று நினைத்துவிடக்கூடாது.

மண்ணை வைத்து அவர்கள் செய்ததுதான் உண்மையில் அசாத்தியம். பாபிலோனின் இஷ்தார் வாயிலில் (கி.மு. 575 வாக்கில்) காளையும் டிராகனும் அச்சில் வார்த்த செங்கற்களின் சேர்க்கை. ஒரு விலங்கு பல செங்கற்களில் துண்டுதுண்டாக வரும். நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் கறுப்புக் கண்ணாடிப் பூச்சால் வெளிக்கோடு இட்டு, உள்ளே நிறம் நிரப்பிச் சுட்டார்கள். எந்தச் செங்கல் எங்கே என்று தெரிய மேல்விளிம்பில் குறி. சுடாத செங்கல் சுவரோ மழையில் கரையும், அதன் மேலிருந்த ஓவியமும் கூடவே போகும். ஆகவே இன்று மிஞ்சியிருப்பதை மட்டும் வைத்து எடைபோட்டால் தராசு எகிப்தின் பக்கம்தான் சாயும்.

இரண்டும் தனித்தனித் தீவும் அல்ல. கி.மு. 3100 வாக்கில் எகிப்திய அரசன் நார்மருக்காகச் செய்த கற்பலகையில் கழுத்துப் பின்னிய இரண்டு விலங்குகள் உண்டு. அதே உருவம் மெசபடோமிய நகரமான ஊருக்கின் உருளை முத்திரைகளில் (களிமண்ணில் உருட்டிப் பதிப்பவை) இருக்கிறது.

வகுப்புக்கு இரண்டு பயிற்சி. ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து 1.5 செ.மீ. கட்டம் போட்டால் 18 கட்டம் 27 செ.மீ., தலைமுடிக்கு இன்னொரு கட்டம். கிரீடம் வைக்க இடமிருக்காது, சாதாரண மனிதரையே வரையட்டும். முத்திரைக்கு, சோப்பை விரல் தடிமனில் உருளையாகச் சீவி, ஊசியால் குடைந்து, களிமண் பட்டையில் உருட்டச் சொல்லுங்கள். இடம் வலமாகும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பள்ளம் மேடாகும் என்பதைத்தான் மறப்பார்கள்: எந்த உறுப்பு மிகவும் துருத்த வேண்டுமோ அதைத்தான் மிக ஆழமாகக் குடைய வேண்டும். கோடு மட்டும் கீறியவர்களின் சிங்கம் களிமண்ணில் வெறும் கம்பியாக வரும். களிமண் அதிக ஈரமாக இருந்தால் சோப்பு ஒட்டிக்கொள்ளும்; அரை மணி நேரம் உலரவிட்டு உருட்டுங்கள்.