இம்போர்ட் பாதியில் நின்றால் ஏறிய வரிகளை என்ன செய்வது?

கேள்வி: ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்), போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்) பயன்படுத்துகிறோம். 5000 வரி சிஎஸ்வி ஃபைலைப் பொருட்கள் மாடலுக்குள் ஏற்றியபோது 3412-வது வரியில் தேதி பிழையால் நின்றுவிட்டது. முந்தைய வரிகள் உள்ளே போய்விட்டன. திருத்தி மறுபடி ஓட்டினால் அவை இரட்டித்துவிடும். ரோல்பேக் செய்ய, அதாவது எழுதியதைத் திரும்பப் பெற, முடியுமா?

பதில்: ஏறிய 3411 வரிகளுக்கு இனி ரோல்பேக் கிடையாது. ஜாங்கோ இயல்பாக ஆட்டோகமிட்டில் ஓடுகிறது; ஒவ்வொரு சேவ்-உம் உடனே கமிட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகப் பதிவாகிவிடும். கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாமே புதிய வரிகள் என்றால், உருவான நேரத்தை வைத்துப் பிரித்தெடுத்து எண்ணிப் பாருங்கள். 3411-க்கு மேல் வந்தால் அந்த நேரத்தில் வேறு யாரோ பதிவு போட்டிருக்கிறார்கள், பார்க்காமல் அழிக்காதீர்கள். பழைய வரிகளின் மதிப்பும் மாறியிருந்தால் அழிப்பது உதவாது. பேக்கப்பைத் தனி டேட்டாபேஸில் விரித்து, அந்த வரிகளின் பழைய மதிப்பை மட்டும் எடுத்து வாருங்கள்.

அடுத்த முறை லூப் முழுவதையும் ஒரே அடாமிக் பிளாக்குக்குள் (எல்லாம் ஏறும், அல்லது எதுவும் ஏறாது) வையுங்கள். பிழையைப் பிடிக்கும் ட்ரை-எக்ஸெப்ட் அந்த பிளாக்குக்கு வெளியே இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தேதியைப் பிரிக்கும்போது வரும் பிழை பைத்தானுடையது; டேட்டாபேஸுக்கு அது தெரியாது. அதை உள்ளேயே பிடித்து லூப்பை நிறுத்தினால், பிளாக் நல்லபடியாக முடிந்ததாகவே ஜாங்கோ நினைக்கும். 3411 வரியும் கமிட் ஆகும். அடாமிக் போட்டும் ரோல்பேக் ஆகவில்லை என்ற புகார் பெரும்பாலும் இதுதான். பிழை டேட்டாபேஸிலிருந்து வந்தால் கதை வேறு: ரோல்பேக் ஆகும்வரை போஸ்ட்கிரஸ் அந்த ட்ரான்சாக்ஷனில் (ஒன்றாகக் கமிட் ஆகும் கட்டளைத் தொகுப்பில்) அடுத்த எந்தக் கட்டளையையும் ஏற்காது.

கெட்ட வரியை மட்டும் தாண்டிப் போக வேண்டுமா? வரிக்கு ஒரு உள் அடாமிக் போட்டால் அது சேவ்பாயின்ட் ஆகும்; பிழை வந்தால் அதுவரை மட்டும் பின்வாங்கலாம். ட்ரை அதற்கு வெளியே. ஆனால் ஆயிரக்கணக்கில் போடாதீர்கள். எழுதும் சேவ்பாயின்ட்கள் ஒரே ட்ரான்சாக்ஷனில் 64-ஐத் தாண்டினால் போஸ்ட்கிரஸின் நினைவக இடம் போதாமல், மற்ற இணைப்புகளும் மெதுவாகலாம்.

அதைவிட, எழுதும் முன்பே எல்லா வரிகளையும் ஃபுல்-க்ளீன் (ஜாங்கோ மாடலின் சரிபார்ப்பு) வழியாக ஓட்டி, பிழைகளை வரி எண்ணோடு மொத்தமாகத் திரட்டுவது மேல். சேவ் இதைத் தானாகச் செய்யாது. ஃபைலுக்குள்ளேயே இரண்டு முறை வரும் பொருள் குறியீட்டையும் இது பிடிக்காது. அதை ஒரு பைத்தான் செட்டில் போட்டு நீங்களே பாருங்கள்.

ஒத்திகை பார்க்க, எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் அடாமிக் பிளாக்குக்குள்ளேயே, அதை ரோல்பேக் ஆக்கும் செட்-ரோல்பேக் கொடுக்கலாம். ஒரு பொறி உண்டு: போஸ்ட்கிரஸில் ஜாங்கோ உருவாக்கும் ஃபாரின் கீ (வேறு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு), கமிட் நேரத்தில்தான் சரிபார்க்கப்படும். ரோல்பேக்குக்கு முன், அதை உடனே சரிபார்க்கும், கனெக்ஷனின் செக்-கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸை அழைக்காவிட்டால், ஒத்திகையில் தேறிய ஃபைல் நிஜத்தில் விழலாம்.

ரோல்பேக்குக்குப் பிறகு ஐடி எண்களில் இடைவெளி விழுவது இயல்பு. ஐடி எண் தரும் சீக்வென்ஸ் பின்னோக்கிப் போகாது. அனுப்பிய மின்னஞ்சலும் டிஸ்கில் எழுதிய படமும் திரும்பாது. மின்னஞ்சலை, கமிட் ஆன பிறகே ஓடும் ஆன்-கமிட்டில் வையுங்கள். படங்களைத் தனியே அழிக்க வேண்டும். இதே நிரலை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஓட்டுவதாக இருந்தால், டேபிளை ட்ரன்கேட் செய்துவிட்டு (முழுதாகக் காலிசெய்துவிட்டு) ஏற்றும் பழக்கம் வேண்டாம்: அங்கே ட்ரன்கேட் தானாகவே கமிட் ஆகிவிடும், பழைய தரவு போனது போனதுதான்.