1969 கேமரோவுக்கு எந்த வீல்? விட்டத்துக்கு முன்னால் பேக்ஸ்பேசிங் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1969 செவ்ரோலே கேமரோ வைத்திருக்கிறேன். 350 வி8, முன்னால் 11 இன்ச் டிஸ்க், பின்னால் டிரம். இப்போது 14 இன்ச் ஸ்டீல் வீல்தான். 17 அல்லது 18 இன்ச் அலாய் மாட்ட ஆசை. தெரிந்தவர் ஒருவர் பழைய கார்வெட் ராலி வீல், 15x8, நான்கு தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது? டயர் உரசாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கார்வெட் வீல்களை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 4.75 இன்ச் (5x4.75) என்பது இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். அதனால் மாட்டிப் பார்த்தால் பொருந்தும். சிக்கல் பேக்ஸ்பேசிங்கில் இருக்கிறது. வீலை முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டு, மேலே தெரியும் ரிம் விளிம்பின் குறுக்கே ஒரு நேர்கோல் வையுங்கள். அந்தக் கோலிலிருந்து, வீல் ஹப்பில் போய் உட்காரும் பரப்பு வரை உள்ள ஆழம்தான் பேக்ஸ்பேசிங். கார்வெட்டின் 15x8-க்கு (15 இன்ச் விட்டம், 8 இன்ச் அகலம்) அது 4 இன்ச். உங்கள் வண்டியின் பின்பக்கத்துக்கு 8 இன்ச் அகல ரிம் என்றால் 4.5 வேண்டும். அந்த அரை இன்ச் முழுவதும் வெளியே தள்ளி நிற்கும். அதன் மேல் 255 மில்லிமீட்டர் அகல டயர் போட்டு, பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால், மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளைச் சீவிவிடும். முன்பக்கம் இன்னும் மோசம்: ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஃபெண்டரின் விளிம்பில் போய் இடிக்கும்.

விற்பவர்கள் சில நேரம் பேக்ஸ்பேசிங்குக்குப் பதில் ஆஃப்செட் சொல்வார்கள். ஹப்பில் உட்காரும் பரப்பு ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அது; வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ். இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 8 இன்ச் ரிம் என்பது டயர் உட்காரும் இடங்களுக்கு நடுவே உள்ள அகலம். விளிம்போடு சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 9 இன்ச் வரும். அந்த 9-இல் பாதி 4.5, பேக்ஸ்பேசிங்கும் 4.5 என்றால் ஆஃப்செட் பூஜ்யம். 17x8 வீலுக்கு 4.75 பேக்ஸ்பேசிங் என்றால் ஆஃப்செட் கால் இன்ச், அதாவது பிளஸ் 6 மில்லிமீட்டர்.

இப்போது அளவுக்கு வருவோம். இந்தக் காரை வரைந்தவர்கள் சுமார் 26 இன்ச் உயர டயரை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். தொழிற்சாலையிலேயே கேமரோவின் இசட்/28 மாடலுக்கு 15x7 ராலி வீல் வந்தது. ரிம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச்சுவர் குறைகிறது: 235/60 ஆர்15-இல் (235 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச்சுவர், 15 இன்ச் ரிம்) ஐந்தரை இன்ச், 245/45 ஆர்17-இல் 4.3, 245/40 ஆர்18-இல் 3.9. நீண்ட பானெட், குட்டைக் கூரை, பருத்த பின்தோள் கொண்ட இந்த உடம்புக்குக் கீழே கறுப்பு ரப்பர் கொஞ்சம் தாராளமாகத் தெரியவேண்டும். 17 வரை அழகு கெடாது. 18-இல் வண்டி கால் மெலிந்து தெரியத் தொடங்கும். 20 இன்ச் இந்தக் காருக்கு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

உங்கள் பிரேக் இப்போது உள்ளபடியே இருக்குமானால் எங்கள் தேர்வு 15 இன்ச்தான். முன்னால் 15x7, பேக்ஸ்பேசிங் 4.25, டயர் 235/60 ஆர்15. பின்னால் 15x8, பேக்ஸ்பேசிங் 4.5, டயர் 255/60 ஆர்15. பின் டயரின் உயரம் 27 இன்ச்சாகிவிடுவதால் ஸ்பீடோமீட்டர் சுமார் 4 சதவீதம் குறைத்துக் காட்டும். 60 மைல் என்று காட்டும்போது நிஜத்தில் 62-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர்பாக்ஸின் வால்பகுதியில் ஸ்பீடோ கேபிள் நுழையும் இடத்திலுள்ள சின்ன பிளாஸ்டிக் கியரை மாற்றினால் சரியாகிவிடும்.

15-இன் குறை டயரில் இருக்கிறது. இந்த அளவில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ போன்ற வெள்ளை எழுத்து டயர்கள். பார்க்க அந்தக் காலத்துக்கே உரியவை, சாலைக்குப் போதும்; ஆனால் வளைவில் இன்றைய டயர் தரும் பிடிப்பை எதிர்பார்க்க முடியாது. வேகமாக ஓட்டுவது உங்கள் நோக்கம் என்றாலோ, 12 அல்லது 13 இன்ச் டிஸ்க் போடும் எண்ணம் இருந்தாலோ 17-க்குப் போங்கள். 13 இன்ச் டிஸ்க்குக்கு 17-க்குக் குறைந்து எதுவும் நுழையாது. அப்போது முன்னால் 17x8, 4.75, 245/45, பின்னால் 17x9, 5.25, 275/40. கேலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பாகம்) வீலில் இடிக்குமா என்பதற்கு பிரேக் தயாரிப்பாளர் தரும் அட்டை மாதிரியை வெட்டி, வீலின் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். விட்டம் போதுமானதாக இருந்தும் ஆரக்கால்களின் பின்புறம் கேலிப்பரில் தட்டுவது உண்டு.

மேலே சொன்ன எண்கள் தொடக்கப் புள்ளிகள். இந்த வண்டிகளில் பின் ஆக்சில் நட்ட நடுவில் இருப்பது அபூர்வம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் கால் இன்ச் வேறுபாடு சாதாரணம். ஆகவே இரு பக்கமும் அளக்கவேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி, ஜாக் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள். சேஸிஸுக்கு அடியில் வைத்தால் ஆக்சில் தொங்கிவிடும், அளவு பொய்யாகும். டிரம் முகத்தில் ஒரு நேர்கோலைப் பிடித்து, உள்ளே லீஃப் ஸ்பிரிங், உள்மட்கார்டு இரண்டில் எது முதலில் டயருக்கு எதிர்ப்படுகிறதோ அதுவரை அளந்துகொள்ளுங்கள். அதில் அரை இன்ச்சை இடைவெளிக்கும், 0.6 இன்ச்சை டயரின் புடைப்புக்கும் கழியுங்கள். 5.75 இன்ச் கிடைத்தால் அதிகபட்ச பேக்ஸ்பேசிங் 4.65. அந்த அரை இன்ச்சில் கஞ்சத்தனம் வேண்டாம்: வளைவில் லீஃப் ஸ்பிரிங் பக்கவாட்டில் அசையும். வெளிப்பக்கத்துக்கும் இதே கணக்குதான். முன்பக்கம், சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மை ஜாக்கியால் வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கி, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்கவேண்டும்.

மட்கார்டின் உள்மடிப்பை மடக்கிவிட்டால் இடம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும். ஆனால் பெயின்டைச் சூடாக்காமல் மடக்கினால் வெடிக்கும். அடியில் பழைய பட்டி இருந்தால் பட்டையாக உரிந்து வரும்.

ஸ்டைல் என்று கேட்டால், இசட்/28-இன் ராலி, அமெரிக்கன் ரேசிங்கின் டார்க் த்ரஸ்ட், கிரேகர் எஸ்/எஸ், மினிலைட் இந்த நான்கும் அந்தக் காலத்தில் ஓடியவை, இந்த உடம்போடு ஒத்துப்போகும். உங்கள் காருக்கு எங்கள் மனம் சாய்வது சாம்பல் ஆரக்கால் டார்க் த்ரஸ்ட்டின் பக்கம். பழைய அசல் மெக்னீசியம் வீல் கிடைத்தால், விரிசல் பார்க்கும் சாயச் சோதனை செய்யாமல் சாலையில் ஓட்டாதீர்கள்.

பிஎம்டபிள்யூ வீல்களின் 5x120 கண்ணுக்கு உங்கள் 5x4.75 போலவே தெரியும். நிஜ அளவு 120.65 மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர் சொச்சத்தால் நட் சரியாக உட்காராது, ஸ்டட் வளைந்த நிலையிலேயே இறுகும். அதை மாட்டாதீர்கள்.

நட்டும் வீலுக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும். ஸ்டீல் ராலிக்குக் கூம்பு நட். கிரேகரின் நீள்துளை வீல்களுக்கு நீண்ட கழுத்து நட்டும் அதற்கான வாஷரும். உங்கள் ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) 7/16-20, அதாவது 7/16 இன்ச் தடிமன், இன்ச்சுக்கு 20 புரி. நட்டைக் கையால் சுற்றும்போது குறைந்தது 9 சுற்று ஏறவேண்டும்; ஏறவில்லையென்றால் நீளமான ஸ்டட் போடுங்கள். வண்டி தரையில் இறங்குமுன் நட்சத்திர வரிசையில் மெல்ல இறுக்கி வீலை நடுவில் உட்காரவைத்து, பிறகு டார்க் ரெஞ்சால் அலாய்க்கு 70 முதல் 80 அடி-பவுண்டு. 50 மைல் ஓடியபின் வீல் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள். புது அலாயில் அந்த இடைவெளிக்குள் நட் சற்றுத் தளர்ந்திருக்கலாம்.