நாலு உரம், நாலு பாத்தி: எக்ஸெல்ல எந்த அனோவா போடணும்?

கேள்வி (சுருக்கமா): சார் வணக்கம், நாங்க திருவாரூர் பக்கம், குறுவைல ஆடுதுறை 45 போட்டிருந்தோம். வழக்கமான உரம் மட்டும், வழக்கம் + பஞ்சகவ்யா 3% தெளிப்பு, வழக்கம் + அசோஸ்பைரில்லம் (உயிர் உரம்), வழக்கம் + ஜிங்க் சல்பேட்டுனு நாலு வகையா ஒரு சென்ட் ஒரு சென்ட்டா பிரிச்சு, வாய்க்கா தலைப்புல இருந்து வடிகா வரைக்கும் நாலு வரிசை போட்டேன், ஒவ்வொரு வரிசையிலயும் எந்த உரம் எந்தப் பாத்திக்குனு சீட்டு குலுக்கித்தான் முடிவு பண்ணேன். எக்ஸெல்ல டி-டெஸ்ட் ஜோடி ஜோடியா ஆறு தடவ போட்டேன், வழக்கத்துக்கும் ஜிங்க்குக்கும் பி-வேல்யூ (உண்மைல வித்தியாசம் இல்லன்னாலும் தற்செயலா இவ்வளவு வர்ற வாய்ப்பு, 0.05-க்குக் கீழ வந்தா வித்தியாசம்னு எடுத்துப்பாங்க) 0.026, பஞ்சகவ்யாவுக்கும் ஜிங்க்குக்கும் 0.043 வந்துச்சு. ஆனா எல்லா உரத்தையும் ஒரே தடவைல ஒப்பிடுற அனோவால சிங்கிள் ஃபேக்டர் போட்டா பி-வேல்யூ 0.19, அப்ப வித்தியாசமே இல்லன்னு அர்த்தமா? எதை நம்புறது? வர்ற வருஷம் ஆறு ஏக்கருக்கும் எதைப் போடுறதுன்னு முடிவு பண்ணணும்.

பதில்:

தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சீட்டு குலுக்கிப் போட்டீங்க பாருங்க, அதுதான் இந்த ட்ரயலோட உசுரு. நெறைய பேரு "நல்ல பாத்திக்கு நல்ல மருந்து"ன்னு அவங்களாவே ஒதுக்கிட்டு கடைசில கணக்கு மட்டும் சரியா போடணும்னு வந்து நிப்பாங்க, அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது. நீங்க வயல்ல சரியா பண்ணிட்டீங்க, எக்ஸெல்லுலதான் தப்பான மெனுவ அமுக்கிருக்கீங்க, அதனால கவலைப்படாதீங்க.

நீங்க அனுப்புன எடை (கிலோ, ஒரு சென்டுக்கு), வாய்க்கா பக்கத்துல இருந்து வடிகா பக்கம் போற வரிசைல:

வழக்கம்: 25.5, 23.4, 22.8, 20.7 (சராசரி 23.1)
பஞ்சகவ்யா: 25.3, 25.1, 22.9, 22.3 (23.9)
அசோஸ்பைரில்லம்: 27.9, 26.7, 23.7, 22.5 (25.2)
ஜிங்க்: 27.5, 26.6, 25.6, 24.3 (26.0)

இதை படுக்கைவசமா படிக்காம மேல இருந்து கீழ படிச்சுப் பாருங்க. வாய்க்கா பக்கத்து நாலு பாத்தி சராசரி 26.55, அடுத்தது 25.45, அப்புறம் 23.75, வடிகா ஓரம் 22.45. தலைப்புக்கும் கடைசிக்கும் நாலு கிலோவுக்கு மேல வித்தியாசம், உங்க நாலு உரத்துக்கு நடுவுல இருக்குற அதிகபட்ச வித்தியாசமே 2.9 கிலோதான்! அதாவது உரத்தை விட நெலத்தோட சரிவும் தண்ணியும் வண்டலும் பெருசா பேசுது. டெல்டால இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், தண்ணி மொதல்ல பாயுற எடத்துல பயிரு கருகருன்னு நிக்கும், கடைசி பாத்தில வெளுத்து இருக்கும்.

இப்ப சிங்கிள் ஃபேக்டர் அனோவா என்ன பண்ணுதுன்னா, அதுக்கு வரிசைன்னா என்னன்னே தெரியாது. ஒரே உரம் போட்ட நாலு பாத்தியும் ஏன் 25.5-ல இருந்து 20.7 வரைக்கும் இறங்குதுன்னு கேட்டா, அது எல்லாத்தையும் "எரர்"ங்கற கணக்குல தூக்கிப் போட்டுரும். எரர் மீன் ஸ்கொயர் (ஏத்த இறக்கத்தோட சராசரி அளவு) 3.62 ஆயிடுது, உரத்தோட மீன் ஸ்கொயர் 6.73, வகுத்தா எஃப் வேல்யூ 1.86, தாண்ட வேண்டியது 3.49, அதனால "வித்தியாசம் இல்ல"ன்னு சொல்லிடுது. நீங்க வயல்ல போட்டது ஆர்பிடி, அதாவது வரிசை வரிசையா பிளாக் பிரிச்சு ஒவ்வொரு பிளாக்குக்குள்ளயும் குலுக்கல். அப்படிப் போட்டா பிளாக்கையும் கணக்குல சேத்தே ஆகணும்.

எக்ஸெல்ல அதுக்கு ஆப்ஷன் இருக்கு, ஆனா பேரு குழப்பும். டேட்டா அனாலிசிஸ்குள்ள போனா அனோவா மூணு இருக்கும், சிங்கிள் ஃபேக்டர், டூ ஃபேக்டர் வித் ரெப்ளிகேஷன், டூ ஃபேக்டர் வித்தவுட் ரெப்ளிகேஷன். நம்ம ஆளுங்க எல்லாரும் "நான்தான் நாலு ரெப்ளிகேஷன் வச்சிருக்கேனே, அப்ப வித் ரெப்ளிகேஷன்தான்"னு அதை அமுக்குவாங்க, அது ஒண்ணு எரர் குடுக்கும் இல்லன்னா அர்த்தமில்லாத டேபிள் குடுக்கும். உங்களுக்கு வேண்டியது வித்தவுட் ரெப்ளிகேஷன். ஏன்னா எக்ஸெல் கணக்குப்படி உரம் ஒரு ஃபேக்டர், பிளாக் இன்னொரு ஃபேக்டர், ரெண்டும் சந்திக்கிற கட்டத்துல ஒரே ஒரு எடைதான் இருக்கு. உரத்து பேரு இடது பக்கம், பிளாக் மேல, தலைப்போட சேத்து செலக்ட் பண்ணி லேபிள்ஸ் டிக் பண்ணுங்க, மறந்துறாதீங்க.

நான் போட்டுப் பாத்தேன். டேபிள்ல "ரோஸ்"ங்கறது உங்க உரம், "காலம்ஸ்"ங்கறது பிளாக். பிளாக்குக்கு மட்டும் 39.44 சம் ஆஃப் ஸ்கொயர்ஸ் (மொத்த ஏத்த இறக்கத்துல அதோட பங்கு) போயிடுது, எரருக்கு மிஞ்சுறது வெறும் 3.96, அதை 9 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தால (உரம் நாலுல ஒண்ணு கொறச்சு 3, பிளாக் நாலுல ஒண்ணு கொறச்சு 3, ரெண்டையும் பெருக்குனா எரருக்கு 9) வகுத்தா 0.44. உரத்தோட 6.73-ஐ அந்த 0.44-ஆல வகுங்க, எஃப் வேல்யூ 15.3, தாண்ட வேண்டியது 3.86, பி-வேல்யூ 0.001-க்கும் கீழ. அதே பதினாறு எடைதான், ஒரு கிலோ கூட மாத்தல. ஆகவே உரத்துக்கு உரம் வித்தியாசம் இருக்கு, நல்லாவே இருக்கு.

இந்த முறையே நம்மள மாதிரி வயல்ல நின்னு பொறந்ததுதான். இங்கிலாந்துல ராதம்ஸ்டட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல 1919-ல வேலைக்குச் சேந்த ஃபிஷர், ஒரே வயல்ல எடத்துக்கு எடம் மண்ணு மாறுறப்ப உரத்தோட பலனை எப்படி பிரிச்சுப் பாக்குறதுன்னு ரோசிச்சுத்தான் குலுக்கலும் பிளாக்கும் அனோவாவும் கொண்டு வந்தாரு, அந்த எஃப்-ங்கறதே அவர் பேரோட மொதல் எழுத்து.

அடுத்து உங்க டி-டெஸ்ட். எக்ஸெல் டி-டெஸ்ட் போட்டா ஒரே டேபிள்ல ஒன் டெயில், டூ டெயில்னு ரெண்டு பி-வேல்யூ குடுக்கும், நீங்க மேல இருக்குற ஒன் டெயிலை எடுத்திருக்கீங்க. டூ டெயில் பாத்தா வழக்கம்-ஜிங்க் 0.052, பஞ்சகவ்யா-ஜிங்க் 0.086, ரெண்டும் 0.05-ஐ தாண்டிடுது. எது கூட வரும்னு முன்னாடியே தெரியாத ட்ரயல்ல டூ டெயில்தான் பாக்கணும். அதோட ஆறு தடவ போடுறதுல இன்னொரு ஆபத்து இருக்கு. ஒவ்வொரு டெஸ்டுக்கும் சும்மா தற்செயலா "வித்தியாசம்"னு வர்றதுக்கு 5 சதவீதம் வாய்ப்புன்னா, ஆறும் தனித்தனின்னு வச்சுக்கிட்டா எங்கயாவது ஒண்ணாவது பொய்யா வர்றதுக்கு 26 சதவீதம் வாய்ப்பு. ஒரே எடைகளதான் மாத்தி மாத்தி ஒப்பிடுறோம்ங்கறதால அது கொஞ்சம் கொறையும், ஆனா 5-க்கு இறங்காது. பத்து ரகம் வச்சு ட்ரயல் போட்டா 45 ஜோடி வரும், அப்ப யோசிச்சுப் பாருங்க. அதனால மொதல்ல அனோவா, அதுல வித்தியாசம்னு வந்தா அப்புறம் எது எதுக்கு நடுவுலன்னு பாக்குறது, இதுதான் வரிசை.

எது எதுக்கு நடுவுலங்கறதை எக்ஸெல் சொல்லாது, அதுக்கு நம்மளே ஒரு கணக்கு போடணும். நம்ம யூனிவர்சிட்டி ரிப்போர்ட்ல எல்லாம் டேபிளுக்கு அடியில சிடின்னு (கிரிட்டிக்கல் டிஃபரன்ஸ்) ஒண்ணு போட்டிருப்பாங்கல்ல, அதுதான். எரர் 0.44-ஐ ரெண்டால பெருக்கி, பிளாக் எண்ணிக்கை நாலால வகுத்து, ஸ்கொயர் ரூட் எடுத்தா 0.469. அதை 9 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்துக்கு உண்டான டி டேபிள் வேல்யூ 2.262-ஆல பெருக்குனா 1.06 கிலோ. ரெண்டு சராசரிக்கு நடுவுல 1.06-க்கு மேல இருந்தா உண்மையான வித்தியாசம்னு எடுத்துக்கலாம், கீழ இருந்தா இந்த ட்ரயலால சொல்ல முடியாது.

அப்படி பாத்தா பஞ்சகவ்யாவுக்கும் வழக்கத்துக்கும் 0.8 தான், பத்தல. அசோஸ்பைரில்லம் வழக்கத்தை விட 2.1 கூட, ஜிங்க் 2.9 கூட, ரெண்டும் தெளிவா தாண்டுது. ஜிங்க்குக்கும் அசோஸ்பைரில்லத்துக்கும் நடுவுல 0.8, பிரிச்சு சொல்ல முடியாது. அசோஸ்பைரில்லம் பஞ்சகவ்யாவை விட 1.3 கூட, அது சிடிய தாண்டுது, ஆனா டுக்கி டெஸ்டுன்னு இன்னும் கறாரான ஒண்ணு இருக்கு, அது ஆறு ஜோடியவும் சேத்து மொத்தமா 5 சதவீதத்துக்குள்ள வச்சுப் பாக்கும், அதுல தாண்ட வேண்டியது 1.46, அப்ப இந்த ஒரு ஜோடி மட்டும் தோத்துரும். மத்த அஞ்சு ஜோடிக்கும் சிடியும் டுக்கியும் ஒரே பதில்தான் சொல்லுது. என்னைக் கேட்டா ஆறு ஏக்கர் பணம் போடுற முடிவுக்கு டுக்கியே நல்லது. வழக்கத்தோட மட்டும் ஒப்பிட்டா போதும், மத்ததுக்குள்ள சண்டை வேணாம்னா டன்னெட் டெஸ்டுன்னு தனியா இருக்கு, அதுக்குன்னே பண்ணது.

கைல கணக்கு போட கஷ்டமா இருந்தா ஹிசார்ல இருக்குற ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தோட ஓபிஸ்டாட், கேரளா வேளாண் பல்கலைக்கழகத்தோட கிரேப்ஸ், ரெண்டும் பிரவுசர்லயே ஓடும், காசு கிடையாது, நம்ம ஆர்பிடி மாதிரி வயல் ட்ரயலுக்குன்னே செஞ்சது, சிடியும் தானா வரும். ஆர்-ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர் தெரிஞ்ச பசங்க வீட்ல இருந்தா அதுலயும் போடலாம், ஆனா ஒண்ணு கவனிக்கச் சொல்லுங்க. பிளாக் பேரை 1, 2, 3, 4-னு நம்பரா டைப் பண்ணிட்டா ஆர் அதை அளவுன்னு நெனச்சுக்கும், ஃபேக்டரா மாத்தணும். மாத்திருக்கான்னு கண்டுபிடிக்க சுலபமான வழி, டேபிள்ல பிளாக்குக்கு நேரா டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 3 இருக்கணும், 1 இருந்துச்சுன்னா தப்பா போயிருக்கு. எந்த சாஃப்ட்வேர் ஆனாலும் உங்க டேபிள்ல டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் உரத்துக்கு 3, பிளாக்குக்கு 3, எரருக்கு 9 வருதான்னு மொதல்ல பாத்துட்டு அப்புறம் பி-வேல்யூவ பாருங்க.

இப்ப காசு கணக்குக்கு வருவோம். சென்டுக்கு ஒரு கிலோன்னா ஏக்கருக்கு நூறு கிலோ. அசோஸ்பைரில்லம் குடுத்தது 210 கிலோ, 60 கிலோ மூட்டைல மூணரை மூட்டை, ஆனா சிடி கூட்டிக் கழிச்சுப் பாத்தா அது 104-ல இருந்து 316 கிலோ வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், ஆக ஏக்கருக்கு 104 கிலோ கெடச்சாலும் செலவு தேறுமான்னு கொறைஞ்ச பக்கத்த வச்சு பாருங்க. ஜிங்க் 290 கிலோ, கிட்டத்தட்ட அஞ்சு மூட்டை. பஞ்சகவ்யா 80 கிலோ கூட குடுத்திருக்கு, அது வேலையே செய்யலன்னு நான் சொல்ல மாட்டேன், நாலு பாத்தி ட்ரயலுக்கு அந்த சின்ன வித்தியாசத்த கண்டுபிடிக்கிற தெம்பு இல்லன்னுதான் அர்த்தம். சொந்த மாட்டுல நீங்களே தயாரிக்கிறதுன்னா தொடர்ந்து போடுங்க, வெலைக்கு வாங்கி கூலி குடுத்து தெளிக்கிறதுன்னா யோசிங்க.

ஆறு ஏக்கருக்கும் ஒரே வருஷ ட்ரயல வச்சு ஜிங்க் போட்டுறலாமான்னா, அதுக்கு முன்னாடி மண் பரிசோதனைல ஜிங்க் எவ்வளவு இருக்குன்னு பாத்துருங்க. நம்ம களிமண்ணுல, தண்ணி தேங்கி நிக்கிற நெல் வயல்ல ஜிங்க் பத்தாக்குறை சகஜம்தான், உங்க வெளைச்சலும் அதைத்தான் காட்டுது, ஆனா ஒரு தடவ ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போட்டா அது அடுத்தடுத்த போகத்துக்கும் மண்ணுல நிக்கும், ஒவ்வொரு போகமும் கொட்ட வேண்டியதில்ல. போடுறப்ப 20 கிலோ காஞ்ச மணலோட கலந்து நடவுக்கு முன்னாடி மேலாக தூவுங்க, டிஏபி, சூப்பர் மாதிரி மணிச்சத்து உரத்து கூட மட்டும் கலந்துராதீங்க, மணிச்சத்தும் ஜிங்க்கும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், ரெண்டும் பயிருக்கு எட்டாது.

கடைசியா நீங்க சொல்லாம விட்ட ஒண்ணு, ஈரப்பதம். பதினாறு பாத்தியும் ஒரே நாள் அறுத்து ஒரே மாதிரி காய வச்சு எடை போட்டீங்களா? வடிகா பக்கம் பயிரு லேட்டா பழுத்திருந்தா நெல்லுல ஈரம் கூட இருக்கும், எடை பொய் சொல்லும். 24.5 கிலோ நெல்லு 20 சதவீத ஈரத்துல இருந்தா, 14 சதவீதத்துக்கு மாத்துனா 22.8 கிலோதான் (எடைய 80-ஆல பெருக்கி 86-ஆல வகுங்க). ஈரம் பாக்குற மீட்டர் கொள்முதல் நிலையத்துல இருக்கும், பக்கத்துல கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்) இருந்தா அங்கயும் கேளுங்க. பாத்திக்குப் பாத்தி ஈரம் குறிச்சு வச்சிருந்தா அனுப்புங்க, திருத்தி திரும்ப போட்டுத் தர்றேன். உங்க சிவி (எரரோட ஸ்கொயர் ரூட் மொத்த சராசரில எத்தன சதவீதம்ங்கற அளவு) 2.7 சதவீதம்தான் வருது, நெல்லு ட்ரயல்ல 10-க்குள்ள இருந்தாலே நல்லதும்பாங்க, இது ரொம்பவே கம்மி, அதனாலதான் எடை போட்ட விதத்த இவ்வளவு கேக்குறேன்.

வர்ற குறுவைல திரும்ப போட்டா நாலு பிளாக்க அஞ்சாக்குங்க, எரருக்கு 9 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் இருக்குறது 12 ஆயிடும், 12-க்கு கொறையாம பாத்துக்கறது வழக்கம். பாத்திக்கு நடுவுல வரப்ப நல்லா அணைச்சு கட்டுங்க, ஒரு பாத்தி தண்ணி அடுத்த பாத்திக்குப் போனா உரமும் கூடவே போயிரும். அறுக்குறப்ப நாலு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு வரிசை விட்டுட்டு நடுவுல இருக்குறத மட்டும் எடை போடுங்க, எவ்வளவு பரப்பு அறுத்தீங்கன்னு அளந்து குறிச்சுக்கங்க. சீட்டு குலுக்கலை மட்டும் இந்த வருஷ சீட்ட வச்சே ஓட்டாம, ஒவ்வொரு வரிசைக்கும் புதுசா குலுக்குங்க.