ஓர் அலை, இரண்டு வேகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

முன்னேறு அலைகள், அதாவது ஊடகத்தின் வழியே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடும் அலைகள், பற்றி மேல்நிலை மாணவர்கள் கேட்டவற்றில் சில. ஏறக்குறைய எல்லாக் குழப்பங்களுக்கும் வேர் ஒன்றுதான்: அலை நகர்வதையும் ஊடகத்தின் துகள் அசைவதையும் ஒன்றாக எண்ணிவிடுவது.

கேள்வி: இடப்பெயர்ச்சி–தூரம், இடப்பெயர்ச்சி–நேரம் என்று இரண்டு வரைபடங்கள் வருகின்றன. இரண்டும் ஒரே மாதிரி வளைகின்றன. எதில் எதைப் படிப்பது?

பதில்: ஒரு கயிற்றில் ஓடும் அலையை எடுத்துக்கொள்வோம். வளைவைப் பார்ப்பதற்கு முன் கிடை அச்சைப் பாருங்கள். அங்கே தூரம் இருந்தால், ஒரு கணத்தில் கயிறு முழுவதையும் எடுத்த புகைப்படம் அது. அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு, அதாவது வளைவின் உச்சிகளுக்கு, இடையே உள்ளது அலைநீளம். அச்சில் நேரம் இருந்தால், கயிற்றின் ஒரே ஒரு புள்ளி மேலும் கீழும் ஆடிய வரலாறு அது. இரு முகடுகளுக்கு இடையே உள்ளது அலைவு நேரம். அதன் தலைகீழி அதிர்வெண், அதாவது ஒரு வினாடியில் எத்தனை ஆட்டங்கள் என்பது.

வீச்சு, அதாவது துகள் நடுநிலையிலிருந்து விலகும் மிகப் பெரிய அளவு, இரண்டிலுமே கிடைக்கும். ஆனால் அதை நடுக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். முகட்டிலிருந்து அகடு (வளைவின் அடி) வரை அளந்தால் விடை இருமடங்காகிவிடும். அச்சின் அலகு மில்லிவினாடியா, சென்டிமீட்டரா என்பதையும் கவனியுங்கள்; கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு மிகப் பிடித்த பொறி அது.

ஒரே ஒரு வரைபடத்தை மட்டும் வைத்து அலைவேகம் சொல்ல முடியாது. இரண்டும் வேண்டும், அல்லது தெரிந்த நேர இடைவெளியில் எடுத்த இரண்டு புகைப்படங்கள் வேண்டும். 0.05 வினாடியில் முகடு 1 மீட்டர் நகர்ந்திருந்தால் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த இடைவெளி ஓர் அலைவு நேரத்தைவிடக் குறைவு என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால், இப்போது நீங்கள் பார்ப்பது அதே முகடா, பின்னால் வந்த வேறொரு முகடா என்று சொல்ல வழியில்லை.

கேள்வி: அலை வலப்பக்கம் போகிறது. படத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, 'இந்தக் கணத்தில் இது மேலே போகிறதா, கீழே போகிறதா?' என்று கேட்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அதே வளைவைப் பென்சிலால் சற்றே வலப்பக்கம் தள்ளி இன்னொரு முறை வரையுங்கள். இப்போது அந்தப் புள்ளிக்கு நேர் மேலோ நேர் கீழோ புது வளைவு எங்கே இருக்கிறது? துகள் அங்கேதான் போகிறது. வளைவின் மீதே புள்ளியை வழுக்கிக்கொண்டு போகாதீர்கள். கயிற்றின் துகள் தன் இடத்தைவிட்டுப் பக்கவாட்டில் நகர்வதே இல்லை.

விடையைச் சரிபார்க்க: முகட்டுக்கு முன்னால், அதாவது அது போகும் பக்கத்தில், உள்ள சரிவு எழுந்துகொண்டிருக்கும், முகட்டுக்குப் பின்னால் உள்ள சரிவு தாழ்ந்துகொண்டிருக்கும். முகட்டிலும் அகட்டிலும் துகளின் வேகம் அக்கணத்தில் சுழி. நடுக்கோட்டைக் கடக்கும்போதுதான் அது பெருமம்.

கேள்வி: அலைவேகம் = அதிர்வெண் × அலைநீளம். அப்படியானால் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாக வேண்டுமே?

பதில்: ஆகாது. சமன்பாட்டில் மூன்று அளவுகள் இருந்தாலும் மூன்றையும் முடிவு செய்வது ஒருவரல்ல. அதிர்வெண்ணை முடிவு செய்வது மூலம், அதாவது கயிற்றை ஆட்டும் கை. வேகத்தை முடிவு செய்வது ஊடகம். அலைநீளத்துக்கு என்று சொந்த உரிமை எதுவும் இல்லை; மற்ற இரண்டுக்கும் ஏற்ப அது அமைந்துவிடுகிறது.

ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.1 கிலோகிராம் நிறையுள்ள கயிறு, 40 நியூட்டன் இழுவிசையில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். இழுவிசையை ஓரலகு நீளத்தின் நிறையால் வகுத்தால் 400. அதன் வர்க்கமூலம் 20. வேகம் வினாடிக்கு 20 மீட்டர். வினாடிக்கு 5 முறை ஆட்டினால் அலைநீளம் 4 மீட்டர், 10 முறை ஆட்டினால் 2 மீட்டர். வேகம் அதே 20 தான். அதை இரட்டிப்பாக்க வேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஊடகம் மாறும்போது மாறாமல் நிற்பது அதிர்வெண். 340 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் காற்றில் அலைநீளம் சுமார் 1 மீட்டர். தண்ணீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1480 மீட்டர் என்பதால், அதே ஒலி அங்கே சுமார் 4.35 மீட்டராக நீளும்.

கேள்வி: கயிற்றை இன்னும் பெரிதாக ஆட்டினால் அலை வேகமாகப் போய்ச் சேருமா?

பதில்: சேராது. வீச்சு இருமடங்கானால் அலை சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும், அலைவேகம் மாறாது. அலைநீளத்தோடு ஒப்பிட வீச்சு சிறிதாக இருக்கும்வரை இது பொருந்தும்.

கேள்வி: முன்னேறு அலையின் சமன்பாட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எண்களை எப்படிப் பிரித்தெடுப்பது?

பதில்: இதோ ஒன்று: இடப்பெயர்ச்சி = 0.02 × சைன் (31.4 × நேரம் − 1.57 × தூரம்). எல்லாம் மீட்டரிலும் வினாடியிலும்.

வெளியே நிற்கும் 0.02 வீச்சு: 2 சென்டிமீட்டர். நேரத்தோடு ஒட்டியிருப்பது கோண அதிர்வெண், அதை 6.28 ஆல் வகுத்தால் 5 ஹெர்ட்ஸ். தூரத்தோடு ஒட்டியிருப்பது அலை எண். இங்கே வகுத்தல் தலைகீழ், 6.28 ஐ 1.57 ஆல் வகுத்தால் அலைநீளம் 4 மீட்டர். அலைவேகம் 31.4 ÷ 1.57 = 20. மேலே சொன்ன கயிறேதான் இது.

நடுவில் உள்ள கழித்தல் குறி, அலை தூரம் கூடும் திசையில் போகிறது என்பதைச் சொல்கிறது. கூட்டல் குறி இருந்தால் எதிர்த்திசை. கழித்தல் என்றதும் 'பின்னால் போகிறது' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர்.

இனி துகளின் பெரும வேகம்: வீச்சு × கோண அதிர்வெண், அதாவது 0.02 × 31.4 = வினாடிக்கு 0.63 மீட்டர். அலை 20 இல் ஓட, துகள் 0.63 ஐத் தாண்டுவதில்லை. தேர்வில் 'வேகம்' என்று வந்தால் எந்த வேகம் என்று ஒரு முறைக்கு இருமுறை படியுங்கள்.

கணிப்பானில் சைன் அழுத்துமுன் அது ரேடியனில் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். டிகிரியில் விட்டுவிட்டால் விடை தவறாகத்தான் வரும், ஆனால் பார்க்கச் சரியானதுபோலவே இருக்கும்.

கேள்வி: ஒலி நெட்டலைதானே? அதை ஏன் மேலும் கீழுமாக வளைத்து வரைகிறார்கள்? இறுக்கம் முகட்டில்தானே இருக்கும்?

பதில்: ஆம், நெட்டலைதான்: துகள்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன; அவை நெருங்கும் இடம் இறுக்கம், விலகும் இடம் தளர்ச்சி. அந்த வளைவு ஒலியின் உருவம் அல்ல. வலப்பக்கம் நகர்ந்த துகளின் இடப்பெயர்ச்சியை மேலேயும், இடப்பக்கம் நகர்ந்ததைக் கீழேயும் குறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனவே முகட்டில் இறுக்கம் இல்லை. இடப்பெயர்ச்சி சுழியாக உள்ள ஒரு புள்ளியை எடுங்கள். அதற்கு இடப்புறத் துகள்கள் வலப்பக்கமும், வலப்புறத் துகள்கள் இடப்பக்கமும் நகர்ந்திருந்தால், எல்லாம் அந்தப் புள்ளியை நெருக்குகின்றன. அதுவே இறுக்கத்தின் மையம். வரைபடத்தில், இடமிருந்து வலமாகப் படிக்கும்போது வளைவு மேலிருந்து கீழாக நடுக்கோட்டை வெட்டும் இடம் அது. கீழிருந்து மேலாக வெட்டும் இடம் தளர்ச்சியின் மையம்.

அழுத்தத்தைத் தனியாக வரைந்தால் அதன் முகடு இறுக்கத்தின் மீதே விழும். இரு வரைபடங்களும் கால் அலைநீளம் விலகி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடப்பெயர்ச்சிகள் எவ்வளவு சிறியவை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். 1000 ஹெர்ட்ஸில் நம் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியில் காற்றுத் துகளின் வீச்சு ஒரு மீட்டரில் சுமார் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. அணுவின் விட்டத்தைவிடக் குறைவு.

கேள்வி: கருவிகள் இல்லாமல் ஒலியின் வேகத்தை ஓரளவு துல்லியமாக அளக்க முடியுமா?

பதில்: ஒரு பெரிய சுவர், அளவு நாடா, நிறுத்துக் கடிகாரம், இரண்டு மரக்கட்டைகள் போதும். சுவரிலிருந்து 85 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒரே ஒரு தட்டலின் எதிரொலியை அளக்க முயலாதீர்கள்: அது அரை வினாடியில் திரும்பிவிடும், கடிகாரத்தை அழுத்தும் கையோ சுமார் 0.2 வினாடி பிந்தும். கிடைத்த எண்ணை நம்ப முடியாது.

அதற்குப் பதில் சீரான தாளத்தில் கட்டைகளைத் தட்டுங்கள். எதிரொலி அடுத்த தட்டலோடு சரியாக ஒன்றி, தனியாகக் கேட்காமல் போகும்வரை தாளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். தாளம் நிலைத்ததும் 'சுழி' என்று சொல்லி, அந்தத் தட்டலில் கடிகாரத்தைத் தொடங்கி, 20 ஆவது தட்டலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒலி சுவருக்குப் போய்த் திரும்ப 170 மீட்டர் கடக்கிறது; மொத்தத் தொலைவு 20 × 170 = 3400 மீட்டர். 10 வினாடி ஆகியிருந்தால் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். கை பிந்துவதால் வரும் பிழை இப்போது சுமார் 2 சதவீதம்தான்.

'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால் 20 தட்டல்களுக்கு 19 இடைவெளிகளே இருக்கும், நேரம் 9.5 வினாடியாகி, வேகம் 358 என்று வரும். 170 ஐ ஒட்டி விடை வந்தால், இரு தட்டல்களுக்கு நட்டநடுவே எதிரொலி விழும் தாளத்தைப் பிடித்திருக்கிறீர்கள். பக்கத்தில் வேறு சுவர்கள் இருந்தால் பல எதிரொலிகள் கலந்துவிடும், இடத்தை மாற்றுங்கள். காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்: 0 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 கூடும். 30 டிகிரியில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது 349.