தனியாக 70 கிலோமீட்டர் ஓடினால் வழியில் துணை கிடைக்குமா?

கேள்வி: மும்பையில் இருக்கிறேன். இரண்டு மாரத்தான் முடித்திருக்கிறேன். அடுத்து ஒரே ஓட்டமாக 70 கிலோமீட்டர் ஓட ஆசை. கூட ஓடவும் ஆள் இல்லை, வண்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரவும் ஆள் இல்லை. வழியில் இருக்கும் மனிதர்களை நம்பிப் போகலாமா?

பதில்:

உங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டிருப்பார்கள். ஓட்டக் குழுவில் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் இதயத்துடிப்பு, பயிற்சி அட்டவணை என்றெல்லாம் அரை மணி நேரம் பேசிவிட்டு, கூட வருகிறேன் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் போயிருப்பார்கள். எனக்கு இப்படித்தான் நடந்தது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரவில் நெடுஞ்சாலையில் ஓட ஊக்குவிக்கிறேன் என்று யாரும் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம். நான் ஒளிரும் மேல்சட்டை போட்டிருந்தேன், நெற்றியில் விளக்கு கட்டியிருந்தேன், வண்டிகளுக்கு எதிர்த் திசையில் ஓடினேன். அப்படியும் வசாய்க் கழியைத் தாண்டுகிற வெர்சோவா பாலத்தில் லாரிகள் உரசுகிற தூரத்தில் போனபோது, எல்லாத் தெய்வங்களையும் வரிசையாகக் கூப்பிட்டேன்.

நான் ஓடியது மும்பைக்கு வடக்கே இருக்கிற விராரிலிருந்து, தென்முனையில் இருக்கிற சர்ச்கேட்டுக்கு. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். இருபத்தேழு ஆண்டுகளாக அந்த ரயிலில் நின்றுகொண்டே போய் வருகிறவன் நான். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கு வேலை. விராரிலிருந்து பம்பாய்க்கு 1867இலேயே ரயில் ஓடியிருக்கிறது. அந்தத் தூரத்தை ஒரு தடவையாவது யாருடைய முழங்கையும் விலாவில் படாமல் கடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ரயிலுக்கு அது 60 கிலோமீட்டர். வசாய்க் கழியை ரயில் பாலம் நேராகத் தாண்டிவிடும். மனிதன் கிழக்கே நெடுஞ்சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். என் கைக்கடிகாரம் கடைசியில் 73 காட்டியது.

புறப்பட்டது 2023 ஜனவரி 9, திங்கட்கிழமை, மாலை ஏழு மணிக்கு. அடுத்த ஞாயிறு மும்பை மாரத்தான் என்பதால், பார்த்தவர்கள் எல்லாம் அதற்குத்தான் பயிற்சி செய்கிறேன் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டும், விளக்கம் சொன்னால் மூச்சு வாங்கும்.

சின்சோட்டி அருகே, பிவண்டிக்குச் சாலை பிரிகிற இடத்தில், ஓரமாக ஒரு நாமக்கல் லாரி நின்றிருந்தது. டி.என். 28. மோர்பியிலிருந்து டைல்ஸ் ஏற்றி வந்து, காலையில் கிடங்கு திறப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து அடுப்பு மூட்டி, சோறு வடித்துக்கொண்டிருந்தார் ஓட்டுநர். கிளீனர் பையன் தக்காளியைக் கையால் பிசைந்துகொண்டிருந்தான். ரசத்துக்குத் தாளித்த வாசனை வந்ததும் என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. தமிழில் ஏதோ சொல்லிவிட்டேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "ஏனுங்க, வண்டியைத் தவற விட்டுவிட்டீர்களா? எங்கே போக வேண்டும்? காலையில் இந்தப் பக்கம்தானே, ஏற்றிவிடுகிறேன்" என்றார்.

ஓடுகிறேன் என்றேன்.

"சரிங்க, எங்கே?"

"சர்ச்கேட்டுக்கு."

அவர் கிளீனரைப் பார்த்தார். கிளீனர் என் காலைப் பார்த்தான். அதற்குப் பிறகு என்னிடம் காரணமே கேட்கவில்லை. நோயாளியிடம் நோயைப் பற்றிக் கேட்காமல் இருக்கிற நாகரிகம் அது. அலுமினியத் தட்டில் சோறு, ரசம், சுட்ட அப்பளம். சாப்பிட்டுவிட்டு ஓட முடியாது என்று கொஞ்சமாகக் கேட்டேன். அவர் பார்வையில் கொஞ்சம் என்பது எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. கிளம்பும்போது ஒரு காகிதத்தில் உப்பு நார்த்தங்காய் மடித்துக் கொடுத்தார். "தூக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான்" என்றார். அதைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல், மன்னிக்கவும். இந்த நகரத்தில் காசு கட்டி ஓடிய ஒரு போட்டியில் கடைசி ஆளாக வந்திருக்கிறேன். கடைசி எட்டு கிலோமீட்டரில் தண்ணீர் மேசைகளை மடித்து டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு புட்டி கேட்டதற்கு, "எண்ணிக் கொடுத்தாகிவிட்டது சார்" என்றார்கள். கட்டணம் மட்டும் முன்னால் வந்தவனுக்கும் எனக்கும் ஒன்றுதான். தண்ணீர் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 1999இல் எங்களுக்கு வீட்டை விற்றவர் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரும் என்று எழுதியே கொடுத்தார். இன்றுவரை டேங்கர்தான். ஓடிவிட்டு வந்தால் இரண்டு வாளிக்கு மேல் கிடையாது. சங்கச் செயலாளரிடம் கேட்டால், ஓடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தகிசர் சுங்கச் சாவடியைத் தாண்டியபோது நள்ளிரவு கடந்திருந்தது. அங்கிருந்து சாலையே வேறு மாதிரி இருந்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நடக்கிறார்கள். பாதிப் பேர் காலில் செருப்பு இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் செவ்வாய், சங்கடஹர சதுர்த்தி. இரண்டும் சேர்ந்தால் இந்த ஊரில் அங்காரகி. பிரபாதேவியில் 1801இல் கட்டிய சித்தி விநாயகர் கோயிலுக்கு, புறநகர்களிலிருந்து இரவெல்லாம் நடந்து போவார்கள். இத்தனை ஆண்டு இங்கே இருந்தும், விடுப்பு கிடைத்த நாள் என்பதைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. திட்டம் போட்டு இந்த இரவைத் தேர்ந்தெடுத்தேன் என்று பிறகு அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன். பொய்.

மெட்ரோ தூண்களின் ஓரமாக இளைஞர்கள் மேசை போட்டுத் தேநீர், வாழைப்பழம், ஜவ்வரிசிக் கிச்சடி, தண்ணீர் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் விடமாட்டார்கள். ஓடுகிறவனைப் பார்த்ததும் அவர்களுக்கு உற்சாகம் இன்னும் கூடிவிட்டது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு குவளை. மடித்து வைத்த அந்த மேசைகளை நினைத்து, வஞ்சம் தீர்க்கிறவன் மாதிரி எல்லாவற்றையும் குடித்தேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். காந்திவலி தாண்டியதும் விரல்கள் வீங்கி, மோதிரம் கழலாமல் இறுகியது. தலை கனத்தது, குமட்டியது. பல மணி நேரம் வியர்த்தால் உடம்பிலிருந்து உப்பும் போகிறது. அந்த நேரத்தில் வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால், இரத்தத்தில் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துவிடும். முற்றினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள், உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். உபசரிப்பவர் மனம் நோகுமே என்று குடிக்காதீர்கள். நான் குடிப்பதை நிறுத்திவிட்டு, கோரேகாவ் பக்கம் ஒரு மேம்பாலத்தின் அடியில் உட்கார்ந்து நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொண்டேன். ஊறுகாய் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன், நிறுத்தியதுதான் காப்பாற்றியது. ஆனால் அந்த நிமிடம் என்னைக் கேட்டிருந்தால், நாமக்கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

அப்போது நடைக்காரர்களின் டெம்போ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. நடக்க முடியாதவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வர, பின்னால் பலகை போட்டிருந்தார்கள். மூன்று பேர் இருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் என்னை உற்றுப் பார்த்து, "அரே, விரார் அண்ணா!" என்றார். தெற்கத்திக்காரன் எல்லாரும் இங்கே அண்ணாதான், அதைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும். நகர்ந்து, பலகையைத் தட்டிக் காட்டினார். நான்காவது இடம். உள்ளூர் ரயிலில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவதாக ஒட்டிக்கொள்ள எவ்வளவு கெஞ்ச வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது. உட்காரவே கூசியது.

போரிவலிக்காரர் அவர். விராருக்குப் போகும் வழியில், பல நிலையங்களுக்கு முன்னாலேயே வருகிற ஊர் அது. மாலையில் சர்ச்கேட்டில் புறப்படும் விரார் விரைவு ரயிலில் போரிவலி ஆள் ஏறினால், விரார்க்காரர்களுக்கு ஆகாது. உனக்குத்தான் போரிவலி வண்டி தனியாக இருக்கிறதே, எங்கள் இடத்தை ஏன் பிடிக்கிறாய் என்பது எங்கள் நியாயம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். தலைக்கு மேல் மாம்பழப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இவர் போரிவலியில் இறங்கப் பார்த்தார். வாசலில் நின்ற எங்கள் ஆட்கள் வழி விடவில்லை. பாயந்தர் வரை கொண்டுபோய் இறக்கினார்கள். பெட்டி நசுங்கிச் சாறு அவர் சட்டையில் வழிந்தது. நான் தள்ளவில்லை. திட்டவும் இல்லை. வாசலுக்கு இரண்டாவது ஆளாக நின்றிருந்தேன். நகரவில்லை. அவ்வளவுதான். ரயிலில் போகாதவர்கள் இதற்கு என்னை அரக்கன் என்பார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

டெம்போவில் அவரே அந்தக் கதையை எடுத்தார். மற்ற இருவரிடமும் அபிநயத்தோடு சொல்லிச் சிரித்தார். "இவர்கள் விரார்க்காரர்கள், தெரியுமா!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தார். நாற்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடிய தொடை, உயிர் போயிற்று. அன்று அந்த வாசலில் நான் நின்றது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது போரிவலி வண்டியிலேயே போகிறாராம், பத்து நிமிடம் கூடுதலானாலும் உட்கார்ந்து போகலாமாம்.

டெம்போ நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் இருந்தேன். ஓர் அடிகூட அதில் பயணம் செய்யவில்லை என்பதைக் கறாராகக் கணக்குப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிறகு பிரபாதேவி வரை அவரோடு நடந்தேன். அவருக்கு வெறுங்கால். கண்ணாடித் துண்டு, ஜல்லி எதைப் பார்த்தாலும் என் பூட்ஸைச் சுட்டி, "நீங்கள் முன்னால் போங்கள், நசுக்கிவிட்டுப் போங்கள்" என்பார். மகளின் படிப்பு, மாமனாரின் சர்க்கரை நோய், விரார் பக்கம் வீட்டு விலை என்று பேச்சு. அத்தனை தூரமும் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. மோதிரமும் தளர்ந்துவிட்டது.

வழியில், பாந்த்ராவின் கலாநகரில் விடிவதற்கு முன்பே, தாராவியிலிருந்து சைக்கிளில் வரும் இட்லிக்காரர் ஒருவர் ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். விரார் என்றேன். "அது இல்லை, ஊர்" என்றார். அப்பா அம்பாசமுத்திரம் என்றதும் எந்தத் தெரு என்று கேட்டார். தெரு சொன்ன பிறகும் ஐந்து இட்லிக்கு முழுக் காசு வாங்கினார். சட்னி மட்டும் இரண்டாவது தடவை ஊற்றினார்.

பிரபாதேவியில் போரிவலிக்காரர்கள் வரிசையில் போய் நிற்க, நான் தனியாக வொர்லி, ஹாஜி அலி வழியே போனேன். அதில் எழுத ஒன்றும் இல்லை, பெடர் ரோடு ஏற்றத்தைத் திட்டியதைத் தவிர. சர்ச்கேட்டை அடைந்தபோது காலை எட்டரை. எதிரே அலுவலகக் கூட்டம் கொட்டிக்கொண்டிருந்தது. காலியாகப் போன விரார் வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். விரார் வந்ததும் தெரியவில்லை, வண்டி திரும்பிப் புறப்பட்டதும் தெரியவில்லை. வசாயில் யாரோ தோளைத் தட்டி எழுப்பி, நகர்ந்து உட்காரச் சொன்னார்கள்.

நீங்கள் எந்தப் பக்கமிருந்து ஓடப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே? விரார்ப் பக்கம் என்றால் சொல்லுங்கள். தகிசர் வரை சைக்கிளில் கூட வருகிறேன், நார்த்தங்காய் கொண்டுவருகிறேன். மாதக் கடைசி மட்டும் வேண்டாம், கணக்கு முடிக்க வேண்டும்.